இனிக் காலையில் மிஸ்டு கால் வேண்டாம்

அன்புள்ள ரகு,

நாளையிலிருந்து காலை ஆறு மணிக்கு நீ எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டாம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ "அச்சா அம்மா, அச்சா" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவாய். கடிதத்திடம் அது நடக்காது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதும் எனக்குத் தெரியும். சென்ட்ரல் ஸ்கூலில் ஹிந்தியும் சமஸ்கிருதமும் படித்த பிள்ளை, போர்டு தமிழில் மட்டும் இருக்கிற பஸ்ஸில் ஏறினால் எந்த ஊரில் இறங்குவாயோ. அதனால் என்ன, உன் பெண்டாட்டி சித்ரா இருக்கிறாள். புசா ரோடில் தமிழ் மீடியத்தில் படித்தவள். அவள் வாசிக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். நடுவில் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வரும். கூச்சப்பட்டு அதைத் தாண்டிப் போகப் பார்ப்பாள், விடாதே.

இந்த மிஸ்டு கால் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கு முழுக்கத் தெரிந்திருக்காது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்கு அப்போது பத்து வயது. டில்லியில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கீழ் வீட்டில் இருந்தோம். குளிர்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பகல் முழுக்க வெளியே கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தாய். மாடி வீட்டு மல்ஹோத்ரா ஆன்ட்டி காரட் அல்வா கிண்டியிருந்தாள். கிண்ணத்தோடு சாப்பிட்டாய். அது போதாதென்று நம் வீட்டில் சாம்பார் சாதமும் ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூங்கினாய். மறுநாள் ஹிந்தி டெஸ்ட். காலையில் எழுப்பினால், "அம்மா, கால் வரலைம்மா" என்றாய். "எங்கே போச்சு, கட்டிலுக்கு அடியிலே பாரு" என்றேன் நான். டெஸ்டுக்குப் பயந்து போடுகிற வேஷம் என்றுதான் நினைத்தேன். ரஜாய்ப் போர்வையை உருவிவிட்டு உன் காலைத் தூக்கினேன். விட்டதும் அது தொப்பென்று விழுந்தது. இன்னொரு காலும் அப்படித்தான். நீ பேசினாய், சிரிக்கக்கூடப் பார்த்தாய், தொட்டால் தெரிகிறது என்றாய், ஆனால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

மல்ஹோத்ரா அங்கிள் உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு போய்த் தன் பியட் காரில் போட்டார். ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்து நம் முறை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் நீ எழுந்து நடந்து போய், வாசலில் சமோசா வண்டி நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு வந்தாய். டாக்டர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஸ்கூலில் பரீட்சையா?" என்று ஹிந்தியில் கேட்டார். உன் அப்பாவுக்குத்தான் பொய் வராதே, ஆமாம் என்றார். விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அது திரும்பத் திரும்ப வந்தது. பரீட்சை இல்லாத நாளிலும் வந்தது. பையனுக்குப் பலவீனம் என்று பிளாக் முழுக்கத் தீர்மானித்துவிட்டது. பலவீனத்துக்கு என்ன மருந்து? சாப்பாடு. மல்ஹோத்ரா ஆன்ட்டி, "பேட்டா, தோடா அவுர், தோடா அவுர்" என்று இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சமாக அல்வாவை ஊட்டினாள். நான் மட்டும் சளைத்தவளா, ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலை மந்திரில் முருகனிடம் முறையிட்டுவிட்டு, அங்கே கொடுத்த சர்க்கரைப் பொங்கலைப் பத்திரமாக டப்பாவில் வாங்கி வந்து ராத்திரி உனக்கு ஊட்டுவேன். மறுநாள் காலையில் கால் வராது. உடனே வேண்டுதல் போதவில்லை என்று அடுத்த தடவை டப்பாவைப் பெரிதாக்கினேன். மேலே நின்றுகொண்டு பார்த்த முருகனுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மாதான் விஷயத்தைப் பிடித்தாள். அன்று கால் வராமல் இருந்தபோதே உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். அவள் ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்துவிட்டு வந்து, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று கேட்டாள். நானும் உன் அப்பாவும் போட்டி போட்டுக்கொண்டு பெருமையாகச் சொன்னோம். இத்தனை சாதம், இத்தனை நெய், பொங்கல், மேலே அல்வா. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். நரம்பிலும் தசையிலும் வருகிற அபூர்வமான வியாதி. ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் என்ற உப்பு திடீரென்று குறைந்துபோகும், உடனே தசை சொன்னபடி கேட்காது. இனிப்பும் சாதமும் வயிறு முட்டச் சாப்பிட்டாலோ, ஓடியாடிவிட்டு அப்படியே படுத்தாலோ விடியும்போது வரும். மருந்து கொடுத்தால் சில மணி நேரத்தில் போகும். ஆயுள் முழுக்க ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஆனால் ஆயுளுக்கு ஒன்றும் வராது. உன் அப்பா வியாதியின் பெயருக்கு ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொண்டார். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்தான். பெயர் தெரியாத ஒன்றோடு எத்தனை நாள்தான் சண்டை போடுவது.

விஷயம் தெரிந்ததும் மல்ஹோத்ரா ஆன்ட்டியும் அழுதாள், தன் அல்வாவை நினைத்து. அழுது முடித்த கையோடு காவலுக்கு நின்றுவிட்டாள். தீபாவளி வந்தால் பால்கனியில் நின்றுகொண்டு, "ரகுவுக்கு யாரும் மிட்டாய் கொடுக்கக் கூடாது" என்று பிளாக் முழுக்கக் கேட்கும்படி ஹிந்தியில் கத்துவாள். நவராத்திரி கொலுவுக்குப் போனால் உனக்கு மட்டும் சுண்டல் இரட்டிப்பாகக் கிடைக்கும். நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் உன் கட்டில் அருகே வந்து நிற்பேன். நீ கண்ணைத் திறக்காமலே ரஜாய்க்கு வெளியே ஒரு காலை நீட்டிக் கட்டைவிரலை ஆட்டுவாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். ஸ்கூல் போய் காலேஜ் வந்தும் அது நிற்கவில்லை. வேலை கிடைத்துப் புனேக்குப் போனபோது, கட்டைவிரலை போனில் எப்படிப் பார்ப்பது என்று நான் புலம்ப, நீதான் சொன்னாய், "ஒரு ரிங் விட்டு கட் பண்றேன்மா, அதுதான் கட்டைவிரல்" என்று. ஒருநாள் ரிங் வராமல் போய், உன் வீட்டு ஓனரை போன் போட்டு எழுப்பி, அவர் மராத்தியில் திட்டிக்கொண்டே மாடியேறிப் பார்த்தால், உன் போனில் சார்ஜ் இல்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கால் வராத அந்தக் காலைகளில் பல எனக்குச் சந்தோஷமான காலைகள். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிடுவேன். பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம், ஸ்டெனோ நோட்டைத் தொட வேண்டாம். நீ ராஜா மாதிரி படுத்திருப்பாய். உப்புக் கரிக்கும் பொட்டாசியம் சிரப்பை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஊர்க்கதை எல்லாம் கேட்பாய். சாயங்காலம் உன் நண்பர்கள் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குள் நீ எழுந்துவிட்டிருந்தாலும் எழுந்ததைச் சொல்லாமல் படுத்தபடியே ஆடி அத்தனை பேரையும் தோற்கடிப்பாய். பாவம், படுத்திருக்கிறானே என்று அவர்கள் விட்டுக் கொடுத்தார்கள் என்பது உனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள். இனிமேலும் உனக்கு வரும், புனேயிலும் வரும். வந்தால் அந்தக் காலையை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீணாக்காதே. சித்ரா லீவு போட்டால் போடட்டும். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருங்கள். வேலை நாளில் புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து பேச வேறு எப்போது நேரம் கிடைக்கும்.

பெண் பார்க்கப் போன கதையை வீட்டில் சித்ரா அவள் பாணியில் சொல்லியிருப்பாள். என் பாணியில் ஒரு தடவை கேள். வியாதியைப் பற்றி இப்போதைக்கு மூச்சு விடாதே, நிச்சயதார்த்தம் ஆகட்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஓதினார்கள். எனக்கும் அதில் பாதி மனசுதான். கரோல் பாகில் அவர்கள் வீட்டு இரண்டாம் மாடி ஏறிப் போய் உட்கார்ந்தோம். வழக்கப்படி சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. சித்ராவே தட்டைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தாள். தட்டு நிறைய, நெய் மிதக்கிற சொஜ்ஜி. தொடாமல் இருந்தால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். ஒரு ஸ்பூன் வாயில் போட்டு வை என்று நான் உனக்குக் கண்ணைக் காட்டினேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், "மாமா, இதை நான் சாப்பிட்டா நாளைக்குக் காலம்பற எனக்குக் கால் வராது. எனக்கு ஒரு வியாதி இருக்கு." எல்லாவற்றையும் சொன்னாய், டாக்டரம்மா சொன்ன அதே நிதானத்தில். அவள் அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. சித்ராதான் கேட்டாள், "எத்தனை நாழி எழுந்துக்க முடியாது?"

"சில நாள் மத்தியானம் வரைக்கும்."

"ஞாயித்துக்கிழமைன்னா நானும் அப்படித்தான்" என்றாள். உன் தட்டிலிருந்த சொஜ்ஜியை எடுத்துக்கொண்டு போய், பெண் பார்க்க வந்த இத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து தானே சாப்பிட ஆரம்பித்தாள். "பஜ்ஜி சாப்பிடலாமோல்லியோ?" என்று உன்னை ஒரு கேள்வி. நீ ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டாய். கீழே இறங்கும்போது உன் அப்பா என் காதில் சொன்னார், "இந்தப் பொண்ணை விட்டா நாமதான் முட்டாள்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றை நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். முதல் நாள் ஜானவாசத்தன்று நான் உன் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜாங்கிரி உன் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஊர்வலத்தை மறந்துவிட்டேன். மாப்பிள்ளை காரில் உட்கார்ந்து வர வேண்டிய ஜானவாசத்தில், உன் பஞ்சாபி நண்பர்கள் டோல் மேளத்தைக் கொண்டுவந்து உன்னைக் கீழே இறக்கி, மண்டபம் வரைக்கும் ஆட வைத்துவிட்டார்கள். முதலில் உன் கையைப் பிடித்து இழுத்தது யார் தெரியுமா, இனிப்புக்குக் காவல் நின்ற அதே மல்ஹோத்ரா ஆன்ட்டி. நானும் கைதட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆடின களைப்பில் பசியோடு சாப்பிட்டு, அப்படியே போய்ப் படுத்தாய். விடிந்து நான் உன் அறைக்குள் வந்து நின்றேன். ரஜாய்க்கு வெளியே கால் வரவில்லை. நீ கண்ணைத் திறந்து, "சாரிம்மா" என்றாய்.

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. சிரப் என் கைப்பையிலேயே இருந்தது, கொடுத்தேன். ஆனால் கால் வர மத்தியானம் ஆகும், முகூர்த்தம் அதுவரை காத்திருக்காது. உன் அப்பா போய்ச் சம்பந்தியிடம் சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வியாதியைக் காதால் கேட்டு ஒத்துக்கொள்வது வேறு, கல்யாணத்தன்று கண்ணால் பார்ப்பது வேறு. இனி என்ன சொல்வார்களோ என்று சம்பந்தி வரும் வழியையே பார்த்தேன். உன் ராஜு மாமா, என் தம்பி, ஆள் எப்படி என்று உனக்குத் தெரியும், ரயில்வேயில் பார்சல் ஆபீஸில் இருந்து பழக்கப்பட்ட உடம்பு. "இதுக்கு ஏன்க்கா கையைப் பிசையறே? மாப்பிள்ளையைத் தூக்கறது நம்ம வழக்கம்தானே" என்று சொல்லி உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை குடையும் தடியுமாக நடந்து போக வேண்டும், மாமனார் போய்த் தடுத்துக் கூட்டி வர வேண்டும். நீ குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். சம்பந்தி வந்து, "மாப்பிள்ளே, காசிக்குப் போக வேண்டாம், எங்க பொண்ணைத் தரோம்" என்று சாஸ்திரத்துக்குச் சொல்ல, நீ, "எங்கே மாமா போறது, நான் இருந்த இடத்திலேயே இருக்கேன்" என்றாய். முதலில் சிரித்தது அவர்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாலை மாற்றும்போது இரண்டு பக்கத்து மாமாக்களும் பெண்ணையும் பிள்ளையையும் தோளில் தூக்குவது வழக்கம் ஆகையால், வந்தவர்கள் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. ராஜு மாமா உன்னை இறக்காமலே ஊஞ்சல் வரை கொண்டுபோனபோது, டில்லிக்காரர்களுக்கு உற்சாகம் ஜாஸ்தி என்று ஊரிலிருந்து வந்த ஒரு மாமி சொன்னாள். ஊஞ்சலில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் மாமா பின்னாலிருந்து உன் இடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கை நன்றாக இருந்தது. முடிச்சை நீயே போட்டாய்.

அதற்கு மேல்தான் நின்றுபோயிற்று. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினிக்குப் பக்கத்தில் ஏழடி நடக்க வேண்டும். அதை உனக்குப் பதில் மாமா நடக்க முடியாது. "தாலிக்குத்தான் முகூர்த்தம், ஏழடி கால் வந்தப்புறம் ஆகட்டும்" என்று சாஸ்திரிகள் பெரிய மனசு பண்ணினார். உன் அப்பா இருக்கிறாரே, மினிஸ்ட்ரியில் சட்டப் புத்தகத்தோடு வாழ்ந்தவர், என்னிடம் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏழாவது அடி வெச்சாதான் சட்டப்படி கல்யாணம் முடிஞ்சதா அர்த்தம்" என்றார். சித்ராவின் அத்தைக்குக் காது கூர்மை. சித்ராவிடம் குனிந்து, "இன்னும் ஏழடி ஆகலையாம், தெரியுமோ?" என்றாள். அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் புரிந்தது. சித்ரா மடிசாரை ஒதுக்கிக்கொண்டு உன் பக்கத்தில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "ஆகலைன்னா நான் எழுந்து போகலாம்னுதானே அத்தை சொல்றேள்? அவரும் எழுந்துக்கட்டும், சேர்ந்தே போறோம்" என்றாள்.

வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து, சட்டப்படி இன்னும் முடியாத கல்யாணத்துக்கு வயிறாரச் சாப்பிட்டார்கள். நான் பரிமாறுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஆனால் யார் இலையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீ மணையில் உட்கார்ந்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து புதுப்பெண் குரல், "அம்மா, ஆடறது. கட்டைவிரல் ஆடறது." அதுவரை அவள் என்னை மாமி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹோமப் புகைக்கு நடுவிலும், ஆசீர்வாதத்துக்குக் குனிந்தபோதும், அத்தைக்குப் பதில் சொன்னபோதும், அத்தனை நேரமும் அவள் உன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உனக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் முன்னால்.

கொஞ்ச நேரத்தில் நீ எழுந்தாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள். மல்ஹோத்ரா ஆன்ட்டி ஒவ்வொரு அடிக்கும் ஹிந்தியில் எண்ணினாள், சாஸ்திரிகள் மந்திரத்தை அவள் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி சொன்னார். கடைசி அடியில் நீ கொஞ்சம் தள்ளாடினாய், சித்ரா பிடித்துக்கொண்டாள். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சு, சட்டப்படியும் ஆச்சு" என்றார். நானும் எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன் ரகு, மாப்பிள்ளை நடந்ததற்காக ஊரே கைதட்டிய கல்யாணம் வேறு பார்த்ததில்லை.

உபதேசம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்குகிறவர்கள் தூக்கட்டும், கூச்சப்படாதே. ஆபீஸில் விஷயத்தைச் சொல்லி வை, சொஜ்ஜித் தட்டுக்கு முன்னால் சொன்ன மாதிரி. சித்ராவைக் காவல்காரியாக ஆக்கிவிடாதே, உன் சிரப்பை நீயே எடுத்து வைத்துக்கொள். அவள் திட்டினால் திருப்பித் திட்டு, கால் வராத நாளிலும் வாய் வருமே. நாளைக்கு உங்களுக்குப் பிறக்கிற குழந்தைக்கும் இது வரலாம் என்று டாக்டர் சொன்னதை நினைத்துப் பயப்படாதீர்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாதபோதே நீ வளர்ந்துவிட்டாய், உங்களுக்கு எல்லாம் தெரியும்.

ஆகவே, மிஸ்டு கால் வேண்டாம். கட்டைவிரலை ஆட்ட வேண்டியது இனி அவளிடம். நான் ரிட்டயர் ஆகிற வயதில் இருக்கிறேன், காலையில் ஏழு மணி வரை தூங்கிப் பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா. நேற்றே தூங்கிப் பார்த்தேன். ஐந்தே முக்காலுக்கே முழிப்பு வந்துவிட்டது, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீயும் ஆறு மணிக்கு ஒரு ரிங் விட்டாய், எழுந்து போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். பழக்கம் போக நாளாகும். அதனால் கண்டிப்பாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சித்ரா, இதை மட்டும் அவனுக்குக் கேட்காமல் உனக்குள் படித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எழுந்திருக்கிற நேரத்துக்கு, எத்தனை மணியானாலும் சரி, ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணிவிடு.

அன்புடன்,
அம்மா